லிட்டில் ஒடெஸா: எல்லையே காட்டாத எல்லைப் படம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் திரையிடல் குழுவில் இந்தப் படத்தைப் போட்ட ஒவ்வொரு முறையும், விளக்கைப் போட்ட பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. அப்புறம் டீ வரும், கேள்விகளும் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். முடிவைப் பற்றிப் பேசும் கேள்விக்கு முன்பே எச்சரிக்கை வைத்திருக்கிறேன்; படம் பார்க்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

படம் எதைப் பற்றியது?

ஜேம்ஸ் கிரே எழுதி இயக்கிய முதல் படம், 1994. ஜோஷுவா ஷபீரா, சோவியத் நாட்டிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை, ரஷ்யக் கும்பலுக்கு வேலை செய்யும் கூலிக்கொலையாளி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கடலோரமாக இருக்கும் பிரைட்டன் பீச் அவன் வளர்ந்த பேட்டை. அப்பா வீட்டைவிட்டுத் துரத்தியவர். பேட்டையின் தாதாவோடும் பழைய கணக்கு பாக்கி. அதனால் அந்தப் பக்கமே தலை வைக்காமல் இருந்தவனுக்கு, அங்கேயே ஓர் ஈரானிய நகைக்கடைக்காரரைக் கொல்லும் வேலை வருகிறது. போகிறான். அம்மா மூளைக் கட்டியோடு சாகக் கிடக்கிறாள். தம்பி ரூபன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு தியேட்டரே கதியென்று கிடக்கிறான். அப்பாவுக்குப் பத்திரிகைக் கடை, கூடவே இன்னொரு பெண்ணோடு தொடர்பு. கதை இவ்வளவுதான். கொலை எப்படி நடக்கும் என்பதல்ல இங்கே பதற்றம். இவன் அம்மா படுத்திருக்கும் அறைக்குள் போவானா மாட்டானா என்பதுதான்.

உண்மையிலேயே குறைந்த செலவில் எடுத்ததா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

சுமார் 23 லட்சம் டாலர். ஒப்பிட ஓர் உதாரணம்: இதே நாயகன் டிம் ராத் அதே 1994இல் நடித்து வெளிவந்த ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தின் செலவு 80 லட்சம் டாலர் அளவில். அதையே ஹாலிவுட்டில் சிக்கனப் படம் என்றுதான் சொன்னார்கள்.

பணம் இல்லாதது இந்தப் படத்தில் எங்கே தெரிகிறதென்றால், இல்லாதவற்றில். கார் துரத்தல் இல்லை. கும்பல் சண்டை இல்லை. கூட்டமே இல்லை. பனி கொட்டிக் கிடக்கும் தெரு, அதில் கறுப்புக் கோட்டு போட்ட ஓர் ஆள், தூரத்தில் இரும்புத் தூண்களின் மேல் ஓடும் மின்சார ரயில். பனி பெய்தால் தெருவில் ஆள் இருக்க மாட்டார்கள், ஆக துணை நடிகர்களுக்குச் சம்பளம் தரவேண்டியதில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் ஒளிப்பதிவாளர் டாம் ரிச்மண்ட் அந்த வெறுமையைக் குறையாக விடவில்லை. வீட்டுக்குள் பழுப்பும் இருட்டும், வெளியே கண் கூசும் வெள்ளை. இந்த இரண்டைத் தவிர படத்தில் மூன்றாவது நிறம் நினைவுக்கு வருகிறதா, யோசித்துப் பாருங்கள். பின்னணியில் ரஷ்யத் தேவாலயக் கூட்டுப்பாடல். துப்பாக்கிப் படத்துக்கு யாராவது அப்படி இசை வைப்பார்களா? கிரே வைத்தார். ஒட்டிக்கொண்டது.

எல்லை கடப்பது பற்றிய படம் என்று சொன்னார்கள். எல்லை எங்கே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காவல்சாவடி, முள்வேலி, கள்ளப் பாஸ்போர்ட் எதுவும் படத்தில் கிடையாது. அந்தக் குடும்பம் கடக்கவேண்டிய எல்லையைப் பல வருஷம் முன்பே கடந்துவிட்டது, அதுவும் சட்டப்படி. படம் தொடங்கும்போது எஞ்சியிருக்கும் எல்லை ஒரு வாசற்படி.

ஜோஷுவா வீட்டு வாசலில் நிற்கும் காட்சிகளை மறுபடி கவனியுங்கள். சோவியத் அரசைத் தாண்டி வந்த குடும்பத்தில், மகன் அம்மாவைப் பார்க்க அப்பாவிடம் அனுமதி வாங்கவேண்டியிருக்கிறது. உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரி இப்போது அப்பாதான். அந்த அதிகாரத்தை அவர் எங்கே பார்த்துப் பழகியிருப்பார் என்று யோசித்தால், படத்தில் காட்டாத பழைய எல்லையும் கண்முன் வந்துவிடும்.

அந்தப் பழைய எல்லையை இவர்கள் எப்படித்தான் கடந்தார்கள்?

இதைச் சொல்லாமல் படம் பாதிதான் புரியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் நாட்டைவிட்டு வெளியேறுவது உரிமை அல்ல, சலுகை. யூதர்கள் ‘இஸ்ரேலில் இருக்கும் உறவினரோடு சேரப் போகிறோம்’ என்று ஓர் அழைப்புக் கடிதத்தைக் காட்டி, ஓவிர் எனப்படும் விசா அலுவலகத்தில் மனுப் போடவேண்டும். மனுப் போட்ட அன்றே பலருக்கு வேலை போய்விடும். மறுக்கப்பட்டவர்களுக்கு ‘ஒத்காஸ்னிக்’ என்று ஒரு பெயரே உண்டு, மறுக்கப்பட்டவன் என்று அர்த்தம். வேலையும் இல்லாமல் விசாவும் இல்லாமல் வருஷக்கணக்கில் தொங்கவேண்டியதுதான். 1972இல் இன்னொரு தண்டம் வந்தது: படித்தவன் போவதானால் அரசு அவன் படிப்புக்குச் செலவழித்ததைத் திருப்பிக் கட்டவேண்டும், பட்டத்துக்கு ஏற்றபடி. உலகம் கூச்சல் போட்டது. குடிமக்களை வெளியேற விடாத நாட்டுக்கு வர்த்தகச் சலுகை இல்லை என்று அமெரிக்கா ஜாக்சன்-வானிக் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1975 ஜனவரியில் கையெழுத்தானது.

கதவு திறந்ததும் மூடியதும் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் அன்றைய வானிலையைப் பொறுத்தது. 1979இல் சுமார் 51,000 யூதர்கள் வெளியேறினார்கள். அந்த டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. 1984இல் வெளியேறியவர்கள் ஆயிரம்கூட இல்லை.

போக அனுமதி கிடைத்தவர்கள் குடியுரிமையை இழப்பார்கள். இழப்பதற்கும் கட்டணம் கட்டவேண்டும். பிறகு ரயில். சொப் என்ற எல்லை நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் தரையில் கவிழ்த்துச் சோதிப்பார்கள். அதைத் தாண்டினால் வியன்னா. அங்கே இரண்டு வரிசை: இஸ்ரேல் போகிறவர்கள் ஒரு பக்கம், அமெரிக்கா போக விரும்புகிறவர்கள் மறுபக்கம். அமெரிக்கா என்றால் அடுத்து ரோம். அமெரிக்க விசாவுக்காக ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா, லாதிஸ்போலி என்ற கடற்கரை ஊர்களில் வாடகை அறைகளில் மாதக்கணக்கில் காத்திருப்பு. கையில் காசு கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் பெட்டி நிறையக் கேமரா, படுக்கைத் துணி, மரப்பொம்மை கொண்டுவந்து ரோமின் சந்தையில் விரித்து விற்றார்கள். எஞ்சினியரும் வயலின் ஆசிரியரும் தரையில் துண்டு விரித்து இத்தாலிய மொழியில் எண் சொல்லக் கற்றுக்கொண்டது அங்கேதான். படத்தில் அப்பா அர்காடி எப்போதும் கோபத்தை விழுங்கிக்கொண்டிருப்பவர் போல இருக்கிறாரே, அந்த விழுங்கல் எனக்கு லாதிஸ்போலியைத்தான் நினைவுபடுத்துகிறது. படம் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

நம் ஆட்களுக்கும் இந்தப் பாதையில் ஒரு கிளை உண்டு. 1980களின் முதல் பாதியில் ஈழத்தமிழர் பலர் மாஸ்கோ வழியாகவும் நேரடியாகவும் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி இடைவழி விசா கொடுத்தது. நகர ரயிலேறி மேற்கு பெர்லின் பக்கம் போனால் அங்கே குடிவரவுச் சோதனை கிடையாது. பெர்லின் நடுவே ஓடிய கோட்டினை நாட்டின் எல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை, ஒப்புக்கொள்ளாத எல்லையில் பாஸ்போர்ட் எப்படிக் கேட்பது? 1985இல் அந்த வழி அடைபட்டது. குளிர்ப் போரின் இந்தச் சந்துகளில் எத்தனையோ படங்கள் எடுக்கப்படாமல் கிடக்கின்றன.

இவர்கள் ரஷ்யர்களா, யூதர்களா, உக்ரைனியர்களா?

மூன்றும் கலந்த பதில்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள், பேசியது ரஷ்யன், புறப்பட்ட ஊர் பல பேருக்கு இன்றைய உக்ரைன். கருங்கடல் துறைமுகமான ஒடெஸாவிலிருந்து நிறையப் பேர் வந்து இன்னொரு கடலோரத்தில் குடியேறியதால் பிரைட்டன் பீச்சுக்கு ‘குட்டி ஒடெஸா’ என்ற பெயர். சோவியத்தில் பாஸ்போர்ட்டின் ஐந்தாம் வரியில் அவர்களை ‘யூதர்’ என்று எழுதினார்கள். அமெரிக்காவில் இறங்கியதும் அக்கம்பக்கத்தார் ‘ரஷ்யர்’ என்றார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது அந்தத் தெருவில் ‘ரஷ்யாவின் சுவை’ என்று பெயர் வைத்திருந்த மளிகைக்கடை பலகையை இறக்கிப் பெயரை மாற்றிக்கொண்டது.

பிரைட்டன் பீச்சில் நிஜமாகவே மாஃபியா இருந்ததா, சினிமாக் கற்பனையா?

இருந்தது. ஆனால் பெரிய பணம் வந்தது துப்பாக்கியிலிருந்து அல்ல, பெட்ரோல் பில்லிலிருந்து.

நியூயார்க்கில் பெட்ரோல் வரியை முதலில் பங்க்காரர்களிடம் வாங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்தப் பொறுப்பு மொத்த விற்பனையாளர் தலையில் விழுந்தது. உடனே ஓட்டை கண்டுபிடித்தார்கள். எண்ணெய் ஒரே கிடங்கில் அசையாமல் கிடக்கும். காகிதத்தில் மட்டும் ‘அ’ கம்பெனி ‘ஆ’வுக்கு விற்கும், ‘ஆ’ ‘இ’க்கு விற்கும். நடுவில் ஒரு கம்பெனி ‘வரி கட்டியாயிற்று’ என்று முத்திரை குத்திக் கீழே தள்ளிவிடும். அந்தக் கம்பெனி நம் ஊர் பாஷையில் லெட்டர்பேட் கம்பெனி. அதிகாரிகள் தேடிப் போனால் அங்கே ஒரு தபால்பெட்டி இருக்கும், ஆள் இருக்கமாட்டான். அதை ‘எரிந்துபோகும் கம்பெனி’ என்றும், முழுச் சங்கிலியையும் ‘பூமாலை’ என்ற பொருள் வரும் பெயரிலும் அழைத்தார்கள். அப்போது மத்திய வரி மட்டும் கேலனுக்கு 9 சென்ட். மாநில வரி தனி. கேலன் என்பது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு லாரியில் எத்தனை கேலன், ஒரு நாளில் எத்தனை லாரி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பணத்தின் வாசனை எட்டியதும் நியூயார்க்கின் இத்தாலிய மாஃபியாக் குடும்பங்கள் பங்கு கேட்டு வந்தன.

இந்த உலகத்தில் பெயர் போனவர்களில் எவ்சேய் அக்ரோன் 1985 மே மாதம் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார். அடுத்து தலையெடுத்த மராத் பலகூலா, வழக்கிலிருந்து தப்பி ஓடி 1989இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டார். பிறகு 1992இல் ரஷ்யாவிலிருந்து ‘யபோன்சிக்’ என்ற வியாசெஸ்லாவ் இவான்கோவ் வந்தார், பழைய சோவியத் சிறை மரபில் ‘முடிசூடிய திருடர்’, அதாவது குற்றவாளிகள் தங்களுக்குள் தலைவனாக ஏற்றுக்கொண்ட ஆள். எல்லை கடக்க அவர் சுரங்கம் தோண்டவில்லை. சினிமாத் துறையில் வேலை செய்யப்போவதாகச் சொல்லி வணிக விசாவில் விமானத்தில் வந்து இறங்கினார். படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது 1995 மே, எஃப்.பி.ஐ. இவான்கோவைக் கைது செய்தது அதே வருஷம் ஜூன். தயாரிப்பாளர் காசு கொடுத்தாலும் இப்படி விளம்பரம் கிடைக்காது.

அந்தப் பேட்டையில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மை டாக்ஸி ஓட்டியும் நகம் வெட்டியும் முதியோரைப் பார்த்துக்கொண்டும் பிழைத்தவர்கள் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். சினிமாவுக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

குடும்பமாக நடித்தவர்களில் ஒருத்தர்கூட ரஷ்யர் இல்லையே?

இல்லை. டிம் ராத் லண்டன்காரர். அம்மாவாக வரும் வனெஸ்ஸா ரெட்கிரேவும் அப்படியே. தம்பி எட்வர்ட் ஃபர்லாங், டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தில் வந்த அதே பையன். உச்சரிப்பு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனால் அப்பாவாக நடித்த மாக்ஸிமிலியன் ஷெல் விஷயம் வேறு. அவர் பிறந்தது வியன்னாவில். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது எட்டு வயதுக்குள் குடும்பத்தோடு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிப்போனவர். சாப்பாட்டு மேசையில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விதத்துக்கு உச்சரிப்பு தேவைப்படவில்லை.

விருது ஏதாவது?

வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம், 1994. ரெட்கிரேவுக்குத் துணை நடிகை விருது. இயக்குநருக்கு அப்போது வயது 25.

(கதை முடிவு பற்றி) அந்த வெள்ளைத் துணிக் காட்சி ஏன் அப்படி உலுக்குகிறது?

ரூபன் அண்ணனின் கொலையை ஒளிந்திருந்து பார்த்தவன், தூக்கி எறிந்த துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டவன். கடைசியில் அண்ணனுக்கு உதவப்போகிறேன் என்று அதே துப்பாக்கியோடு ஓடிவருகிறான். கொடியில் வெள்ளைப் படுக்கைத் துணிகள் காய்கின்றன. துணிக்குப் பின்னால் ஒரு நிழல். அண்ணனின் கூட்டாளி எதிராளி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறான். துணியில் ஒரு துளை, அவ்வளவுதான்.

படத்தின் ஒரே ‘பெரிய’ மோதல் காட்சி இது. செலவு: ஒரு கொடி, நாலு துணி. துணியே எல்லைக்கோடு, இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் யாரென்று தெரியாது. பிறகு ஜோஷுவா தம்பியை எங்கே கொண்டுபோகிறான் என்று பாருங்கள். நகைக்கடைக்காரரை எரித்த அதே உலைக்கு.

படத்தில் குறையே இல்லையா?

உண்டு. காதலி ஆலாவுக்குக் கதையில் வேலையே இல்லை, சாவதைத் தவிர. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த ஈரானிய நகைக்கடைக்காரர். அவரும் ஒரு நாட்டைவிட்டு வந்து கடை போட்டவர்தானே? ஒரு குடியேறிக் குடும்பத்துக்காக இவ்வளவு அழும் படம், இன்னொரு குடியேறியைப் பிணமாக மட்டும் பார்க்கிறது.

நிஜமாகவே எல்லை கடக்கும் காட்சிகள் உள்ள சிக்கனப் படம் வேண்டும். எதைப் பார்க்கலாம்?

‘ஃப்ரோஸன் ரிவர்’, கோர்ட்னி ஹன்ட் இயக்கியது, 2008. ரஷ்யர்கள் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுப் படம்தான். பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த செலவு, 24 நாள் படப்பிடிப்பு. நியூயார்க் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் இடையே செயின்ட் லாரன்ஸ் ஆறு, அதன் இரு கரையிலும் விரிந்து கிடக்கும் மொஹாக் பழங்குடியினரின் அக்வெசாஸ்னே நிலம். புருஷன் சூதாட்டப் பணத்தோடு ஓடிவிட்ட ஒருத்தியும், குழந்தையை மாமியார் பறித்துக்கொண்டுபோன மொஹாக் பெண் ஒருத்தியும் உறைந்த ஆற்றின் மேல் கார் ஓட்டி, டிக்கியில் ஆட்களைக் கடத்துகிறார்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். பாகிஸ்தானியத் தம்பதி ஒரு பையோடு ஏறுகிறார்கள். பையில் வெடிகுண்டு இருக்குமோ என்று பயந்து, நாயகி அதைப் பனி ஆற்றின் நடுவே வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். அக்கரை போன பிறகுதான் தெரிகிறது, பைக்குள் இருந்தது அவர்கள் குழந்தை. இருட்டில் திரும்பிப் போகிறார்கள். கதாசிரியரின் மிகையென்று நினைக்கவேண்டாம். 2022 ஜனவரியில் கனடாவின் மனிடோபா எல்லையில் நடந்தே கடக்க முயன்ற குஜராத்திக் குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர், பனியில் உறைந்து கிடந்தார்கள்.

இன்று ரஷ்யர்கள் எல்லை கடக்கும் கதையை எடுப்பதானால் எங்கே எடுக்கலாம்?

இரண்டு இடம் சொல்வேன். ஒன்று மெக்ஸிகோவின் திஹுவானா. 2021இல் ரஷ்யர்களுக்கு மெக்ஸிகோ போவது சுலபமாக இருந்தது. இணையத்தில் அனுமதி வாங்கிக் கான்கூனில் சுற்றுலாப் பயணியாக இறங்கினார்கள். அங்கிருந்து அமெரிக்க எல்லைக்கு. நடந்து போனால் மெக்ஸிகோ போலீஸ் திருப்பி அனுப்பியது, காரில் போனால் வரிசையில் விட்டது. ஆகவே பழைய கார் ஒன்றை வாங்கி, சான் இசித்ரோ சாவடியில் சக்கரம் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தஞ்சம் கேட்டார்கள். 2021 டிசம்பரில் ரஷ்யர்கள் அடைத்துக்கொண்டு வந்த இரண்டு கார்கள் நிற்காமல் பாய்ந்தன. ஒன்று மற்றொன்றின் மேல் மோதியது, எல்லை அதிகாரி சுட்டார். குண்டு யார் மேலும் படவில்லை. அந்தக் காரை அவர்களுக்கு விற்றவனிடமிருந்து கதையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, என் ஓட்டு இதற்குத்தான். 2022 செப்டம்பர் 21 அன்று ரஷ்யாவில் உக்ரைன் போருக்குப் பகுதி ஆள்சேர்ப்பு அறிவித்ததும், இளைஞர்கள் காகசஸ் மலையில் வெர்க்னி லார்ஸ் சாவடி வழியாக ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார்கள். மைல்கணக்கில் கார் வரிசை, நாள்கணக்கில் காத்திருப்பு. அப்போதைய சாவடி விதிப்படி நடந்து கடக்கக்கூடாது, வாகனத்தில்தான் கடக்கவேண்டும். சைக்கிளும் வாகனம்தான் என்று யாரோ கண்டுபிடித்தார். அவ்வளவுதான், சுற்றுவட்டாரத்தில் சைக்கிள் விலை ஏறிவிட்டது. கிடைத்ததை வாங்கினார்கள், சின்னப் பிள்ளைகளின் சைக்கிளையும் ஸ்கூட்டரையும்கூட. கோட்டும் முதுகுப்பையுமாக ஓர் ஆள், முழங்கால் நெஞ்சில் இடிக்க, பொம்மை போன்ற சைக்கிளை மிதித்துக்கொண்டு மலைக் கணவாயில் சாவடியை நோக்கிப் போகிறான். கடந்ததும் அந்தச் சைக்கிளை என்ன செய்வான்?